ஆகாத நாள்: வன்னி மக்களின் நாட்கோள் நம்பிக்கைகளும் அவற்றின் மூலங்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே காலபோக விதைப்புக்கு நாள் பார்க்கும் உழவன், தான் அறியாமலே நான்கு வேறு காலக் கணக்குகளைக் கையாளுகின்றான். அன்று என்ன கிழமை என்று கேட்கின்றான். அட்டமி, நவமி உண்டா எனத் திதியை நோக்குகின்றான். சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தைப் பார்க்கின்றான். இறுதியில், அத்திகதி கரிநாட் பட்டியலில் இடம்பெற்றுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்கின்றான். நான்கும் ஒரே பஞ்சாங்கத்தின் ஒரே பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பதனால், இவை யாவும் ஒரே காலத்தில், ஒரே அறிவு மரபிலே தோன்றியவை என்ற எண்ணம் பலரிடத்தும் நிலவுகின்றது. பழைமையில் நம்பிக்கையுடையோர் அவற்றை ஒருங்கே ஏற்கின்றனர். பகுத்தறிவு பேசுவோர் ஒருங்கே தள்ளிவிடுகின்றனர். வரலாற்று மாணவனுக்கு இவ்விரண்டும் போதா. ஆகாத நாட்கள் என்று கூறப்படுவனவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்தவை. அவை வந்த வழியையும், வன்னி வாழ்வில் அவை பெற்ற பயனையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இந்நான்கனுள் மிகப் பழையது நட்சத்திரமே. சங்கத் தமிழில் ‘நாள்’ என்னும் சொல்லே விண்மீனைக் குறித்து நின்றது. அகநானூற்றின் 86 ஆம், 136 ஆம் பாடல்கள் காட்டும் திருமணங்கள் சந்திரன் உரோகிணியோடு கூடிய நாளிலே நிகழ்கின்றன. அங்கே கிழமை இல்லை, இராகுகாலம் இல்லை, ஓமத் தீயும் இல்லை. தீய குறிகளை அஞ்சிய செய்தியும் அக்காலத்தே உண்டு. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறக்குமுன், பங்குனித் திங்களின் நள்ளிரவில் ஒரு மீன் வீழக் கண்டு, அவனுக்கு யாதாகுமோ என அஞ்சியிருந்ததையும், ஏழாம் நாள் அவன் மாண்டதையும் கூடலூர் கிழார் புறநானூற்றின் 229 ஆம் பாடலிலே கூறுகின்றார். ஆனால் இது வானிலே கண்ட ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய அச்சம். ஆண்டுதோறும் தவறாது வரும் ஒரு திகதியைப் பற்றிய அச்சமன்று. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

பழந்தமிழர் நாளுக்கு அஞ்சினர் என்பதைவிட, நாளோடு பேரம் பேசினர் எனல் பொருந்தும். தொல்காப்பியப் புறத்திணையியல் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்னும் துறைகளைக் கூறுகின்றது. நல்ல நாளும் நல்ல ஓரையும் வாய்த்தவழி அரசன் தானே புறப்பட இயலாதாயின், தன் குடையையோ வாளையோ அத்திசை நோக்கி முன்னே செல்லவிடுவான். தான் பின்னர் வசதியான வேளையிற் செல்வான் என்பது உரையாளர் தரும் விளக்கம். நாள் மதிக்கப்பட்டுவிட்டது, போருக்கும் இடையூறில்லை. இதே தந்திரத்தைத்தான் உழவனும் கையாளுகின்றான். நல்ல நாளில் ஒரு பிடி விதையை வயலின் ஒரு மூலையில் இட்டு ‘நாள் விதைப்பு’ச் செய்துவிட்டு, மழையும் ஈரமும் வாய்க்கும்போது மிகுதி வயலை விதைக்கின்றான். சித்திரை வருடப் பிறப்பையொட்டி நாளேர் பூட்டி ஒரு சால் உழுதுவிட்டு, மெய்யான உழவைப் பல மாதங்கள் கழித்துத் தொடங்குதலும் இவ்வகையினதே. நம்பிக்கை உழவனை முடக்கிவிட்டது என்று கூறுவோர் இந்த ஒரு பிடி விதையைக் கவனித்திலர். மானாவாரி வயலுக்கு வடகீழ்ப் பருவ மழையே வாழ்வு. புரட்டாதி, ஐப்பசியிற் சில நாட்களைத் தவறவிட்டால் புழுதி விதைப்பே பாழாகும். அந்நிலையிற் சோதிடமே வழிவிட்டுக் கொடுத்திருக்கின்றது.

இரண்டாவது கணக்கு திதி. அட்டமி, நவமிகளில் எதனையும் தொடங்கலாகாது என்பது வன்னியில் மாத்திரமன்றித் தமிழர் வாழும் இடமெங்கும் உள்ள வழக்கு. இதற்குக் காரணம் கேட்பின், கண்ணன் அட்டமியிற் பிறந்து சிறையையும் இராமன் நவமியிற் பிறந்து காட்டையும் கண்டனர் என்பர். தம்மை உலகம் ஒதுக்குகின்றதே என அவ்விரு திதிகளும் திருமாலிடம் முறையிட, அவர் அவற்றிலே பிறந்தருளினார் என்ற எதிர்க்கதையும் உண்டு. ஒன்றையொன்று வெட்டும் இக்கதைகள் இரண்டும், காரணம் மறந்துபோன பின்னர்க் கட்டப்பட்டவை என்றே கொள்ளத்தக்கன.

மெய்யான காரணத்தை வேறிடத்தே தேடுதல் வேண்டும். அட்டமி பிறைவட்டத்தின் நடுப்பகுதி. அரைமதி தோன்றும் நாள். அமாவாசை, பூரணை ஆகியவற்றோடு அதுவும் பண்டுதொட்டே நோன்பு நாளாக இருந்தது. மனுநூல் அமாவாசை, பூரணை, சதுர்த்தசி, அட்டமி ஆகிய நாட்களில் வேதம் ஓதுதலை விலக்கி, மீறினால் ஆசானுக்கும் மாணவனுக்கும் கேடு விளையும் என அச்சுறுத்துகின்றது. அதே நாட்களிற் பௌத்தர் உபோசத நோன்பு கொண்டனர். உலகியற் கருமங்களை விட்டு ஒதுங்கியிருக்கவேண்டிய நாள் என்பதே முதற்கருத்து. ஒதுக்கப்பட்ட நாள், காலப்போக்கிலே ஒதுக்கவேண்டிய நாளாயிற்று. தூய்மையினால் விலக்கப்பட்டதும் தீமையினால் விலக்கப்பட்டதும் மக்கள் மனத்தில் ஒரே விலக்காகிவிடுதல் சமய வரலாற்றிற் பலமுறை காணப்படுவதே. நவமியின் கதை சற்று வேறு. 4 ஆம், 9 ஆம், 14 ஆம் திதிகளைச் சோதிட நூலார் ‘இரிக்தை’, அதாவது வெறுமை, எனத் தொகுத்தனர். அட்டமியை அடுத்து நின்றமையால் நவமி அதன் இணையாகவே பேசப்படலாயிற்று.

இலங்கை வரலாற்றில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்னுரை உண்டு. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறை நாளாக இருக்கவில்லை. பிறையின் நான்கு கட்டங்களையும் ஒட்டிய போயா நாட்களே வார விடுமுறைகளாயின. வவுனியாக் கச்சேரியும் முல்லைத்தீவுப் பாடசாலையும் அரைமதிப் போயா நாளிலே மூடப்பட்டன. தமிழ் உழவன் அட்டமி என்று ஏர் பூட்டாத நாளில் அரச எழுதுவினைஞரும் பேனா எடுக்கவில்லை. ஒரே பழைய நோன்பு நாளின் இரு வாரிசுகள் அவ்வைந்தாண்டுகளிலே சந்தித்துக்கொண்டன எனலாம்.

மூன்றாவதான கிழமையே இன்று மிகுதியாகப் பேசப்படுவது. ஆனால் வரலாற்றில் அது பின்வந்தது. ஏழு கோள்களின் பெயரால் அமைந்த வாரம் இந்திய மண்ணின் ஆக்கமன்று. சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் எனக் கோள்களை அவற்றின் வேகத்திற்கேற்ப நிரைப்படுத்தி, நாளின் 24 ஓரைகளுக்கும் முறையே அதிபதியாக்கினால், ஒவ்வொரு நாளின் முதல் ஓரைக்குரிய கோளே அந்நாளின் பெயராக அமையும். சனிக்குப் பின் ஞாயிறும், ஞாயிற்றுக்குப் பின் திங்களும் வருதல் இக்கணக்கினாலேதான். எகிப்திலும் மத்தியதரைக் கடற் பகுதியிலும் வழங்கிய கிரேக்கச் சோதிடத்திலிருந்து இம்முறை இந்தியாவை அடைந்தது. ‘யவனஜாதகம்’ என்னும் வடமொழி நூலின் பெயரே அத்தொடர்பை ஒப்புக்கொள்கின்றது. கிழமையைக் குறிப்பிடும் பழைய இந்தியக் கல்வெட்டாக அறிஞர் காட்டுவது மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னும் இடத்திலுள்ள புதகுப்தனின் தூண் கல்வெட்டாகும். அதன் காலம் கி.பி. 484, கிழமை வியாழன்.

தொல்காப்பியத்தில் வரும் ‘ஓரை’ என்னும் சொல் கிரேக்க ‘ஹோரா’வின் திரிபெனக் கொண்டு, அந்நூலின் காலத்தை வையாபுரிப்பிள்ளை பின்தள்ளியதும், சங்க இலக்கியத்தில் மகளிர் விளையாட்டைக் குறித்து வரும் தமிழ்ச் சொல்லே அது எனப் பிறர் மறுத்ததும் தமிழியல் மாணவர் அறிந்ததே. அவ்விவாதம் எவ்வாறு முடியினும், கிழமைகளின் நன்மை தீமை பற்றிய நம்பிக்கை கிழமை வருவதற்கு முன்னர் இருந்திருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. சனி மந்தன், செவ்வாய் கொடியன் என்ற கருத்தும் அவ்வழியே வந்ததுதான். கோள்களுள் மெதுவாக நகர்வது சனி. குருதி நிறங்கொண்டது செவ்வாய். உரோமர் செவ்வாயைப் போர்த்தெய்வமாக்கியதற்கும் தமிழர் ‘செவ்வாய் வெறுவாய்’ என்றதற்கும் பின்னே நிற்பது அதே செந்நிறப் புள்ளிதான்.

வன்னியிலே செவ்வாயின் நிலை விசித்திரமானது. அன்று கடன் கொடார். வெள்ளி, செவ்வாய்களில் விளக்கு வைத்தபின் உப்பும் பணமும் படலை தாண்டா. எனினும் அம்மன் கோயில்களில் நேர்த்தி வைப்பதற்கு அதனினும் உகந்த நாள் பிறிதில்லை. ஆகாத நாளும் அம்மனின் நாளும் ஒன்றாயிருத்தல், அட்டமிக்குக் கூறிய விளக்கத்தையே மீளவும் உறுதிப்படுத்துகின்றது.

கண்ணகி வழிபாட்டை ஈண்டுக் குறிப்பிடாது செல்லல் இயலாது. மதுரை எரியுண்ணும் என முன்னரே ஓர் உரை இருந்ததாகவும், அது ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை நாள் கூடிய பொழுதெனவும் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை கூறுகின்றது. மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகிய யாவும் ஒரு தீய நாளின்மீது குவிக்கப்பட்ட முதற் பெருந்தமிழ்ச் சான்று இதுவெனலாம். இக்குறிப்பை வைத்துக் கணித்த எல்.டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை கி.பி. 756 ஆம் ஆண்டே பொருந்தும் என்றார். வரலாற்றாசிரியர் பலர் அதனை ஏற்றிலர். மதுரையை எரித்துவிட்டுச் சினத்தோடு ஈழம் வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடமே வற்றாப்பளை என்பது முல்லைத்தீவு மக்களின் ஐதிகம். ஆனால் அங்கே பெரும் பொங்கல் நிகழ்வது ஆடியிலுமன்று, அட்டமியிலுமன்று, வெள்ளியிலுமன்று. வைகாசிப் பூரணையை அண்டிவரும் திங்கட்கிழமையிலே, கடல்நீரில் விளக்கேற்றிப் பொங்குகின்றனர். காப்பியத்தின் எரிநாளுக்கு ஒவ்வொரு கூறிலும் எதிரான ஒரு குளிர்நாளை மக்கள் தேர்ந்தனர். இது திட்டமிட்டு நிகழ்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. எனினும் சினந்த தெய்வத்தைக் குளிர்விக்கும் வழிபாட்டுக்கு இதனினும் பொருத்தமான நாள் அமைதல் அரிது.

இராகுகாலம் கிழமையின் கிளையே. பகற்பொழுதை எட்டாகப் பிரித்து, கிழமைதோறும் ஒரு கூறை இராகுவுக்கு ஒதுக்குவர்: திங்களன்று காலை 7.30 முதல் 9 வரை, சனியன்று 9 முதல் 10.30 வரை, வெள்ளியன்று 10.30 முதல் 12 வரை, இவ்வாறே பிறவும். வானத்தில் இராகு எங்கே நிற்கின்றது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சந்திரனின் பாதை சூரிய வீதியை வெட்டும் புள்ளியே இராகு. அது வானத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 18 1/2 ஆண்டுகள் செல்லும். நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் அது தொல்லை தருவதற்கு வானியலில் இடமில்லை.

வன்னி மக்களுக்கு இதிலே ஒரு தனி அனுபவம் வாய்த்தது. 1996 இல் இலங்கை அரசு கடிகாரங்களை முதலில் ஒரு மணிநேரம் முன்நகர்த்தி, பின்னர் அதனை அரை மணிநேரமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதி அம்மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கு மீளும்வரை, வவுனியா நகரில் ஒரு மணி. கிளிநொச்சியில் வேறொரு மணி. ‘புது நேரம்’, ‘பழைய நேரம்’ என்னும் சொற்கள் அன்றாடப் பேச்சில் வழங்கின. பஞ்சாங்கத்தில் 7.30 என்றிருந்த இராகுகாலம் வவுனியாவிற் கடிகாரப்படி 8 மணிக்குத் தொடங்கவேண்டும். மணியை அப்படியே கொண்டவருக்கோ அரை மணி முன்னரே தொடங்கிவிடும். சூரியன் மட்டும் இருபுறத்தும் ஒரே வேளையில் உதித்தது. அஞ்சப்பட்ட பொழுது வானத்தைச் சார்ந்ததா, சுவர்க் கடிகாரத்தைச் சார்ந்ததா என்ற வினாவை எந்தப் பகுத்தறிவுப் பிரசுரமும் இத்துணைத் தெளிவாக எழுப்பியிராது.

இக்கணக்குகள் ஈழத்துத் தமிழரிடையே நூல்வழியாக நிலைபெற்றமைக்கு நல்ல சான்றுகள் உள. ஈழத்தில் எழுந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையதெனக் கருதப்படும் ‘சரசோதிமாலை’ ஒரு சோதிட நூலே. போசராச பண்டிதர் இயற்றிய அந்நூல் 1310 ஆம் ஆண்டு தம்பதெனியாவிலே, பராக்கிரமபாகு என்னும் மன்னனின் முன்னிலையில் அரங்கேறியது. சிங்கள மன்னனின் அவையில் நாள் வகுக்கும் தமிழ் நூல் அரங்கேறியமை, இந்நம்பிக்கைகள் இனவெல்லை கடந்தவை என்பதைக் காட்டும். அடுத்து யாழ்ப்பாண மன்னர் காலத்தில் ‘செகராசசேகரமாலை’ எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அராலியூர் இராமலிங்க முனிவர் பஞ்சாங்கம் கணித்தார். அச்சு வந்தபின் பஞ்சாங்கம் வீடுதோறும் வளையில் தொங்கலாயிற்று. அதுவரை குருக்களும் ஊர்ச் சோதிடருமே அறிந்திருந்த நுணுக்கமான விலக்குகள் எழுத்தறிந்த எவரும் பார்க்கக்கூடியனவாயின. நூலறிவு பெருகியமையால் அச்சம் குறையவில்லை. அஞ்சவேண்டிய நாட்களின் தொகையே பெருகிற்று. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு கணிதங்களுக்கிடையே திதி முடியும் நேரம் மணிக்கணக்கில் வேறுபடுதலையும் இங்கு நினைத்தல் வேண்டும். ஒரு பஞ்சாங்கத்தின் அட்டமி மற்றதில் நவமியாக இருக்கும் பொழுதுகள் உண்டு.

இனிக் கரிநாள். இதுவே ஆகாத நாட்களுள் மிகவும் புதிரானது. சித்திரை 6, 15. வைகாசி 7, 16, 17 எனத் தொடங்கிப் பங்குனி 6, 15, 19 என முடியும் அப்பட்டியலில் முப்பதுக்கு மேற்பட்ட திகதிகள் உள. இவை சந்திரனையோ நட்சத்திரத்தையோ கிழமையையோ சாராதவை, ஆண்டுதோறும் மாறாதவை. பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களுள் எதனோடும் தொடர்பில்லாத ஒன்று பஞ்சாங்கத்தினுள்ளே எவ்வாறு புகுந்தது என்பதே வினா. இத்தகைய பட்டியல்கள் பிற நாடுகளிலும் இருந்தன. பாபிலோனியரின் நாட்குறிப்பொன்று மாதத்தின் 7, 14, 19, 21, 28 ஆம் நாட்களை மன்னனுக்கு ஆகாதவை என்றது. இடைக்கால ஐரோப்பாவிலே மாதத்துக்கு இரண்டாக ‘எகிப்திய நாட்கள்’ குறிக்கப்பட்டன. உரோமர் அல்லியா ஆற்றங்கரையில் தோற்ற யூலை 18 ஐக் கருநாளாக்கினர். வெள்ளிக்கிழமையோடு 13 ஆம் திகதியைச் சேர்த்து அஞ்சுவதோ, சான்றுகளின்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று.

கரிநாட் பட்டியலில் தை 1, 2, 3 இடம்பெறுதலே இப்புதிருக்குத் திறவுகோல் போலும். தமிழரின் பெருநாளாகிய தைப்பொங்கலும், மறுநாட் பட்டிப்பொங்கலும் கரிநாட்கள். மகாராட்டிரத்திலும் கருநாடகத்திலும் சங்கிராந்தியை அடுத்த நாள் ‘கரி’ நாள் எனவே வழங்கும். ஆந்திரத்திலே கனுமைத் திருநாளன்று காகமும் ஊர் விட்டுப் பெயராது என்பது பழமொழி. பொங்கலன்று எவரும் பயணம் போவதில்லை, வேறு கருமம் தொடங்குவதில்லை; மாடுகளும் நுகத்தைக் காணா. ஆகவே குறைந்தபட்சம் இம்மூன்று நாட்களாவது விழாவின் ஓய்விலிருந்து தோன்றிய விலக்குகள் என ஊகித்தல் தகும். ஏனைய திகதிகளுக்கு இவ்விளக்கம் செல்லாது.

ஓய்வும் ஒழுங்கும் வன்னிக்கு வெறும் வசதிகளல்ல. குளத்து நீரை நம்பிய ஊரில், மேல்வயற்காரன் ஒரு நாளும் கீழ்வயற்காரன் வேறொரு நாளும் உழுதால் நீர் வீணாகும். கால்நடை பயிரில் இறங்கும். எல்லோரும் ஒரே காலத்தில் தொடங்குவதற்கு எவரும் எதிர்த்துப் பேசவியலாத ஒரு நாள் வேண்டும். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், அதன்வழி அதிகாரம் பெற்ற விதானைமாரும், 1958 இன் நெற்காணிச் சட்டத்தோடு வந்த பயிர்ச்செய்கைக் குழுக்களும் செய்த வேலையை அதற்கு முன்னர் ஓரளவுக்கேனும் நல்ல நாள் செய்தது. சூடு மிதிக்கும் களத்திலே நெல்லை நெல்லென்னாது ‘பொலி’ என்பதும் இதே உலகத்தைச் சேர்ந்தது. களத்து மொழியைப் பற்றி 1884 இலேயே எழுதியவரும், 1895 இல் வன்னி மாவட்டங்களுக்கான கையேட்டை வெளியிட்டவருமான ஜே.பி. லூயிஸ், காய்ச்சலாலும் காட்டாலும் நலிந்த ஒரு சிறு மக்கட்கூட்டத்தையே அங்கே கண்டார். விளைச்சல் என்றும் உறுதியற்றதாயிருந்த இடத்தில் சொல்லுக்கும் நாளுக்கும் காவல் வைத்தமை வியப்பன்று.

ஆயினும் நாளின் மீது பழி போடுதல் எளிது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது, அது ஞாயிறு, பூரணை, மார்கழி 11. மார்கழி 11 கரிநாள். பஞ்சாங்கம் பொய்க்கவில்லை என்று கூறுவோருக்கு இது போதும். அவ்வாண்டின் மற்றக் கரிநாட்கள் எவ்விதத் தீங்குமின்றிக் கழிந்தமையை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2009 மே 18 ஆம் நாளோ வைகாசியின் முதல் வாரத்தில், எந்தக் கரிநாட் பட்டியலிலும் இல்லாத ஒரு திங்கட்கிழமை. முள்ளிவாய்க்காலில் அன்று முடிந்ததை எந்தக் கணிதமும் முன்னறிவித்திலது.

சாவு பற்றிய நாள்விலக்குகளே வன்னியில் இன்றும் ஆழமாக வேரூன்றி நிற்பவை. சனிப் பிணம் தனிப் போகாது என்பர். ஆதலாற் பாடையோடு தேங்காயோ கோழிக்குஞ்சோ துணையனுப்புவர். அவிட்டத்தின் பிற்பாதி முதல் இரேவதி வரையான நட்சத்திரங்களில் இறந்தால் ‘பஞ்சமி’. மேலும் சாவுகள் தொடரும் என அஞ்சிச் சாந்தி செய்வர். கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு வீட்டில் ஒரு சாவோடு நிற்காமையைக் கண்ட மக்களுக்கு இவ்வச்சம் இயல்பே. போரின் இறுதி மாதங்களில் இவ்விலக்குகளுள் எதனையும் நோக்க இயலவில்லை. பதுங்குகுழியின் அருகிலேயே, கிழமை பாராமல், பலரைப் புதைக்க நேர்ந்தது. அவர்களுக்கேனும் நாள் உண்டு, திதி கணிக்கலாம்.

நாளே இல்லாதவர் நிலை வேறு. இறந்த நாள் அறியாதவனுக்கு அமாவாசையிற் சிராத்தம் செய்க எனத் தர்மசாத்திரம் இடங்கொடுக்கின்றது. ஈழத்தில் தந்தைக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பூரணையும் பொதுநாட்களாக உள்ளன. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருட் பலர் இவ்வழியை ஏற்க மறுக்கின்றனர். திதி கொடுத்தல் சாவை ஒப்புக்கொள்ளுதலாகும் என்பதே காரணம். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும், பின்னர் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கிய அவர்களது போராட்டத்தில், நாட்கள் திதியாலோ கிழமையாலோ எண்ணப்படவில்லை. முதலாம் நாள், நூறாவது நாள், ஆயிரமாவது நாள் எனப் பலகையிலே எழுதப்பட்டன.